விளக்கும் வயலும்: வெறிச்சோடிய மயிலாப்பூரை வாசித்தல்

அழிந்துபட்ட சமூகங்களின் எச்சங்களைப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதனை அழைக்கிறது. 44ஆம் அத்தியாயமாகிய அத்துகானில், ஃபிர்அவ்னின் கூட்டத்தார் விட்டுச் சென்றவற்றின் பட்டியல் ஒன்று வருகிறது. அதன் வரிசை நமது கவனத்துக்கு உரியது. தோட்டங்களும் நீரூற்றுகளும் விளைநிலங்களும் முதலில் கூறப்பட்டு, சிறப்புமிக்க இருப்பிடங்கள் அவற்றின் பின்னரே கூறப்படுகின்றன. ஓர் ஊர் பாழானது என்றால் அதன் மாளிகையையும் வழிபாட்டிடத்தையும் முதலில் தேடுவதே வரலாறு எழுதுவோரின் வழக்கம். வேதமோ நீரையும் வயலையும் முதலில் காட்டுகிறது. 34ஆம் அத்தியாயத்தில் ஸபா நாட்டாரின் கதையும் அவ்வாறே அமைந்துள்ளது. வலப்புறமும் இடப்புறமுமாக இரு தோட்டங்கள், அணையை உடைத்து வந்த வெள்ளம், பின்னர் கசப்புக் கனி தரும் மரங்களும் சில இலந்தை மரங்களும் என்று ஒரு நாட்டின் வீழ்ச்சி அங்கே விளைச்சலின் மாற்றத்தால் உணர்த்தப்படுகிறது.

யமனில் மஃரிப் நகரின் அருகே ஆய்வு செய்த தொல்லியலாளர்கள் கண்டதும் இதுவே. ஏறத்தாழ 600 மீட்டர் நீளமுள்ள அணையின் இரு முனைகளிலும் இருந்த மதகுகளின் வழியே வெள்ளநீர் பிரிந்து, வடக்கிலும் தெற்கிலும் இரு பெரும் பாசனப் பரப்புகளை வளப்படுத்தியது. சுமார் 9,600 ஹெக்டேர் நிலம் இவ்வாறு பயன்பெற்றதாக மதிப்பிடப்பட்டுள்ளது. நூற்றாண்டுக் கணக்கில் வயல்களில் படிந்த வண்டலின் கனமே அங்கு வேளாண்மை நீடித்த காலத்தை அளக்கும் கோலாகியது. பத்தாம் நூற்றாண்டில் அல் ஹம்தானி தமது 'அல் இக்லீல்' நூலின் எட்டாம் பகுதியைத் தென் அரேபியாவின் கோட்டைகளுக்கும் பாழிடங்களுக்கும் ஒதுக்கினார். ஆகவே பாழூர்களை நின்று நிதானித்து வாசிக்கும் மரபு நமக்குப் புதியதன்று. 2015இல் நடந்த வான்தாக்குதலில் அந்த அணையின் எச்சங்கள் சேதமுற்றதும், 2023இல் பண்டைய ஸபாவின் நினைவிடங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டதும் அண்மைக்காலச் செய்திகள்.

மஃரிபின் வயல்களை இவ்வளவு அறிந்துகொள்ள முடிந்த நமக்கு, நாம் வாழும் சென்னை மாநகரின் நடுவிலேயே ஒரு காலத்தில் வெறிச்சோடிக் கிடந்த பழம்பதி ஒன்று உண்டு என்பதும், அதற்கும் வயல்கள் இருந்தன என்பதும் எவ்வளவு தெரியும்? மயிலாப்பூரையே குறிப்பிடுகிறோம். இன்று நெரிசல் மிக்க அவ்வூரைப் பாழூர் என்பது வியப்பைத் தரலாம். ஆனால் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா, மிகப் பழையதும் ஒரு காலத்தில் பெரியதுமான அந்நகரம் தம் காலத்தில் ஏறக்குறைய ஆளற்றுக் கிடந்ததாகவே குறிப்பிடுகிறார். அந்த வெறுமை இதுவரை எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னையின் தொன்மை பற்றிய நூல்களில் முதலிடம் வகிப்பது, 1913இல் ஹென்றி டேவிசன் லவ் வெளியிட்ட 'பழைய மதராஸின் எச்சங்கள்' என்ற பெருந்தொகுப்பு. கோட்டை ஆவணங்களை அவர் தொகுத்த உழைப்பு வணக்கத்துக்குரியது. ஆயினும் அந்நூல் தனக்கு வகுத்துக்கொண்ட எல்லை 1640 முதல் 1800 வரை. கம்பெனியார் கால்வைத்த நாளே அங்கு நகரத்தின் பிறந்த நாளாகிறது; மயிலாப்பூர் அக்கதையின் ஓரத்தில் வந்துபோகும் அயலூராகவே நிற்கிறது. அடுத்து, பெல்ஜிய நாட்டவரான இயேசு சபைப் பாதிரியார் ஹோஸ்டன் 1920களில் சாந்தோமில் தேடித் தொகுத்த தொல்பொருள்களைப் பற்றிய நூல் 1936இல் வெளிவந்தது. சிதறிக் கிடந்த கற்களை வரிசைப்படுத்திய வகையில் அதன் பயன் பெரிது. ஆயினும் தூய தோமையாரின் தடத்தை நாடிச் சென்ற கண்களே அக்கற்களைக் கண்டன.

இவற்றுக்கு எதிர்முகமாகக் கோயில் வரலாறுகள் நிற்கின்றன. கடற்கரையில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயிலைப் போர்த்துக்கீசியர் இடித்தனர் என்பதும், இன்றைய கோயில் பின்னர் உள்ளே தள்ளி எழுப்பப்பட்டது என்பதும் அவற்றின் மையச் செய்தி. சமணர் மரபோ, மயிலையில் இருந்த நேமிநாதர் கோயிலைக் கடல் நெருங்கியதால் திருமேனி மேல்சித்தாமூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்கிறது. இந்த வரலாறுகள் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினாலும், ஒரு நிலையில் யாவும் ஒன்றே. ஒவ்வொன்றும் அந்த மணற்பரப்பைப் பட்டா நிலமாகக் கருதி, அதற்கான மூலப்பத்திரத்தைத் தேடுகிறது. அங்கு வாழ்ந்தவர் எதை உண்டனர், எந்நீரைப் பருகினர், ஏன் போயினர் என்ற வினாக்களுக்குப் பத்திரத்தில் இடமில்லை.

கிடைக்கும் சான்றுகளைக் கால வரிசையில் நிறுத்திப் பார்ப்போம். இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிடும் 'மலியார்ஃபா' மயிலாப்பூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகம், ஆண்டு முழுவதும் திருவிழாக்கள் நடந்த கடற்கரையூரைக் காட்டுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் மயிலைக் காவலன் என்று போற்றப்பட்டான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கூறும்போதோ அது மக்கள்தொகை அதிகமில்லாத சிற்றூர். வணிகச் சரக்கு மிகுதியாக இல்லாததாலும் எளிதில் செல்லத்தக்க இடமாக இல்லாததாலும் வணிகர் அரிதாகவே செல்லும் ஊர். 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த நிக்கோலோ கோண்டி, நெஸ்தோரியக் கிறித்தவர் ஆயிரம் பேர் அங்கு வாழ்ந்ததாகச் சொல்கிறார். அதற்கு நூறாண்டுகள் கழிவதற்குள் பார்போசாவின் வெறிச்சோடிய நகரம் நம் முன் நிற்கிறது. ஊர் ஒரே சீராகத் தேயவில்லை. தளர்ந்தும் சற்றே தேறியும் மீண்டும் தளர்ந்தும் போயிருக்கிறது.

இவ்வரிசையிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. போர்த்துக்கீசியர் 1520களில் அங்கு குடியேறத் தொடங்கினர். பார்போசாவின் குறிப்போ அதற்குச் சில ஆண்டுகள் முற்பட்டது. ஆகவே ஊர் வெறிச்சோடியது ஒரு நிகழ்வு. கோயில் அழிந்தது வேறொரு நிகழ்வு. பரவலாகப் படிக்கப்படும் வரலாறுகள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. அப்படி ஒன்றாக்கினால், இடித்தவர் யார் என்று சொல்லிவிட்டதும் ஊர் ஏன் காலியானது என்ற கேள்வியும் தீர்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பது போர்த்துக்கீசியரின் பழியைத் துடைப்பதாகாது. மக்கள் ஏற்கெனவே அகன்றிருந்த ஊரில் ஒரு வழிபாட்டிடத்தை அழிப்பது எளிது என்பதும் அதிலிருந்து பெறப்படும். எனினும் ஊர் காலியானதற்கான காரணத்தைப் பீரங்கிகளில் அன்றி வேறிடத்தில் தேடவேண்டும் என்பது உறுதி.

பிறரைக் குறைகூறும் நாம் நமது பக்கத்தையும் பரிசீலிக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஒன்பதாம் நூற்றாண்டு அறபுப் பயணிகளே மயிலாப்பூரை 'பைத் தூமா', அதாவது தோமாவின் இல்லம், என்று அழைத்தனர் என்னும் செய்தி பலர் எழுத்தில் வலம் வருகிறது. இதன் மூலம் ஹிஜ்ரி 237 (கி.பி. 851)இல் தொகுக்கப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்ற நூல். 1718இல் வெளியான அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் 'பெத்தூமா' என்றொரு துறைமுகம் இடம்பெற்றது. அங்கிருந்தே இக்கருத்து பரவியது. மூலத்தில் கூறப்படும் கடல்வழியைத் தொடர்ந்து சென்றால் உண்மை விளங்கும். கொல்லத்தைவிட்டுப் புறப்பட்ட கப்பல் நிக்கோபார்த் தீவுகளைக் கடந்து, மலாய்க் கரையிலுள்ள கலாஹ்பாரை அடைகிறது. அதற்கும் அப்பால் பத்து நாள் பயணத்தில் வருவதே அந்தத் துறை. அதன்பின் பாதை, இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டை நோக்கிச் செல்கிறது. அவ்வழியில் மயிலாப்பூர் எவ்வாறு குறுக்கிட முடியும்?

விடை அறபு எழுத்தின் புள்ளிகளில் இருக்கிறது. பா, தா, யா ஆகிய எழுத்துகள் சொல்லின் நடுவிலும் முதலிலும் வரும்போது புள்ளிகளாலேயே வேறுபடுகின்றன. புள்ளிகளை நீக்கிவிட்டால் 'பத்தூமா'வும் 'தியூமா'வும் ஒரே வடிவம். மலாய்த் தீபகற்பத்தின் கீழ்க்கரைக்கு அப்பால் உள்ள தியோமான் தீவே அது என்பது இன்று ஏற்கப்பட்ட முடிவு. 'பைத் தூமா' புள்ளிப் பிழையில் பிறந்த பத்திரம். அதை வைத்துக்கொண்டு அக்கடற்கரையில் நமது சமுதாயத்துக்கும் ஒரு தொன்மை உரிமை கோருவது அறிவுக்கும் நேர்மைக்கும் ஏற்புடையதன்று.

பொய்யான சான்றைக் கைவிட்டபின் மெய்யான சான்றுகள் தாமே எழுந்து நிற்கின்றன. மார்க்கோ போலோ, தோமையாரின் அடக்கத்தலத்துக்குக் கிறித்தவரோடு முஸ்லிம்களும் பயணம் வந்ததாகக் கூறுகிறார். அவரைத் தம்மவர் என்றே கருதிய முஸ்லிம்கள் 'அவாரியன்' என்ற பெயரால் அழைத்தனராம். புனிதர் என்பது அதன் பொருள் என்கிறார் போலோ. 1871இல் போலோவின் நூலைப் பதிப்பித்த ஹென்றி யூல், இச்சொல் 'ஹவாரிய்' என்ற அறபுச் சொல்லின் திரிபு என்று விளக்கினார். ஈஸா (அலை) அவர்களின் உற்ற துணைவர்களைத் திருக்குர்ஆன் ஹவாரிய்யூன் என்றே அழைப்பதை நமது வாசகர் அறிவர். தோமையார் உண்மையில் அங்கு அடங்கினாரா என்பது வேறு விவாதம். அங்கு வந்துபோன முஸ்லிம்கள் தம் வேதச் சொல்லைக் கொண்டே அடுத்தவரின் புனிதரைப் புரிந்துகொண்டனர் என்பதற்கு இவ்வொரு சொல்லே சான்றாகும்.

இரண்டாவது சான்று பார்போசா தருவது. வெறிச்சோடிய அந்நகரில், கடலருகே இருந்த அச்சிறு தேவாலயத்தை ஒரு முஸ்லிம் ஃபக்கீர் பேணிவந்தார். மக்களிடம் இரந்து பெற்றதைக் கொண்டு அங்கே விளக்கை எரியவிட்டார். அவருடைய பெயரோ ஊரோ பதிவாகவில்லை. இக்காட்சியை மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறிக் கடந்துவிடுவது எளிது. மேடைகளில் அவ்வாறே செய்யப்படுகிறது. ஆனால் 'இரந்து' என்ற சொல்லை நாம் அவ்வளவு எளிதாகக் கடந்துவிடலாகாது. விளக்கு எதனால் எரிகிறது என்பதே ஒரு பொருளாதாரக் கேள்வி.

சோழர்காலக் கோயில் கல்வெட்டுகளைப் படித்தோர் இதை நன்கறிவர். அக்காலத்தில் ஒரு நந்தா விளக்கை எரிக்கப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. இடையர் அவற்றைப் பேணி, குறித்த அளவு நெய்யை நாள்தோறும் அளந்தனர். வேறு சில இடங்களில் நிலம் இறையிலியாக விடப்பட்டது. அதாவது ஒவ்வொரு சுடருக்குப் பின்னும் ஒரு மேய்ச்சல் வெளியோ வயலோ இருந்தது. சாந்தோம் பேராலய வளாகத்தில் கிடைத்த சிதைந்த தமிழ்க் கல்வெட்டுத் துண்டொன்று, நடராசர் திருமேனி முன் இரவு விளக்கெரிக்க அளிக்கப்பட்ட இறையிலிக் கொடையைக் குறிக்கிறது. அங்கே சிவன் கோயில் இருந்ததற்குச் சான்றாக அதை ஒரு சாரார் எடுத்தாள்கின்றனர், அது சரியே. அக்கல்லில் ஒரு வயலின் நிழலும் விழுந்திருப்பதை மட்டும் எவரும் பேசுவதில்லை.

மார்க்கோ போலோவின் குறிப்பிலும் வயல் உண்டு. தேவாலயத்தைப் பேணிய கிறித்தவர் தென்னை மரங்களைக் கொண்டு வாழ்ந்தனர் என்கிறார் அவர். 1288இல் நிகழ்ந்ததாக அவர் கூறும் அற்புதக் கதை இன்னும் தெளிவானது. அப்பகுதித் தலைவன் ஒருவன் தன்னிடம் குவிந்த நெல்லை வைக்க இடமின்றித் தேவாலயத்துக்குரிய வீடுகளையெல்லாம் நிரப்பிவிட்டான். பயணிகள் தங்க இடமில்லாமல் போயிற்று. இரவில் புனிதர் தோன்றி அவனை அச்சுறுத்த, மறுநாள் வீடுகள் காலியாயின. அற்புதத்தை நம்புவதும் விடுவதும் அவரவர் உரிமை. கதையின் அடித்தளமோ நெல். வணிகர் வராத அச்சிற்றூரைச் சுற்றிய நிலம், தங்கும் விடுதிகளையும் களஞ்சியமாக்கும் அளவுக்கு அப்போதும் விளைந்துகொண்டிருந்தது.

இம்மூன்று சான்றுகளையும் அருகருகே வைத்து நாம் செய்யும் வாசிப்பு இது. சோழர்காலத்தில் விளக்கு கொடையால் எரிந்தது. போலோவின் நாளில் பேணுநர் தென்னையால் வாழ்ந்தனர். நெல் வீடுகளை நிறைத்தது. பார்போசாவின் நாளில் விளக்கு பிச்சையால் எரிந்தது. வழிபாட்டிடத்தைத் தாங்கிய நிலமும், அந்நிலத்தை உழுத குடிகளும், அவ்விடத்தோடு கொண்டிருந்த பிணைப்பு இடைப்பட்ட காலத்தில் அறுந்திருக்க வேண்டும். கற்கள் நின்றன, அவற்றைத் தாங்கிய ஏற்பாடு போயிற்று. இது அனுமானமே; அகழாய்வே உறுதிசெய்ய வேண்டும். ஆயினும் யாருடைய பத்திரமாகவும் இல்லாமல் அச்சான்றுகளைப் படித்தால் அவை காட்டும் திசை இதுவாகும்.

அவ்வயல்கள் எங்கே போயின? மயிலாப்பூருக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலத்தின் வழியே தெற்கே நீண்ட பெரிய ஏரி ஒன்று கம்பெனிக்கால வரைபடங்களில் காணப்படுகிறது. 'நீண்ட ஏரி' என்றே ஆங்கிலேயர் அதை அழைத்தனர். அதன் கிழக்குக் கரையை ஒட்டியே அண்ணா சாலை செல்கிறது. நிலத்தின் சரிவு கடலை நோக்கியது; ஆகவே மதகுவழி இறங்கிய நீர் பாய்ந்திருக்கக் கூடிய திசை தேனாம்பேட்டையும் மயிலாப்பூரும் உள்ள பக்கமே. 1923இல் அந்த ஏரி வடிக்கப்பட்டு, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரால் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' சாலை இருக்கிறது. அதிலிருந்து காண ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட்' சாலை இருக்கிறது. கரை காக்கும் நீர் இல்லை. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரிப்பரப்பில் நிற்பதே. தெருப்பெயர்களும் தேனாம்பேட்டை, மாம்பலம், பாக்கம் என முடியும் ஊர்ப்பெயர்களும்தான் இன்று அவ்வயல்களின் கல்வெட்டுகள்.

இது பழம்பொருள் ஆர்வம் மட்டுமன்று. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2021 நவம்பரில் தியாகராய நகரின் தெருக்கள் நாட்கணக்கில் நீரில் நின்றபோதும், மறக்கப்பட்ட அந்நிலவமைப்பு தன் இருப்பை உணர்த்தியது. ஏரியின் தரை தாழ்வானது என்பதை மழை மறப்பதில்லை. மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காக 2020க்குப் பின் பனகல் பூங்கா, திருமயிலை போன்ற இடங்களில் நிலத்தின் ஆழம்வரை தோண்டப்பட்டது. மஃரிபில் வண்டலை அளந்து வயலின் வயதைக் கண்டனர். அத்தகைய மண்ணடுக்குகளைச் சென்னையில் இயந்திரங்கள் வாரி எடுக்கும்போது, அருகில் ஒரு தொல்லியலாளர் நின்று பார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று கேட்பது மிகையாகுமா? 2014ஆம் ஆண்டுக்குப் பின் கீழடி தமிழரிடையே எழுப்பிய ஆர்வம் பெரியது. அந்த ஆர்வமும் யாருடைய நாகரிகம், எவ்வளவு தொன்மை என்ற இரு வினாக்களுக்குள்ளேயே பெரும்பாலும் சுழல்கிறது. நகரத்தை ஊட்டிய வயல் எது என்ற மூன்றாவது வினாவைக் கீழடிக்கும் கேட்கலாம், மயிலைக்கும் கேட்கலாம்.

நமது சமுதாயத்தின் எழுத்தாளர்களுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. பழைய காயலைப் பற்றி நாம் நிறைய எழுதியுள்ளோம். அங்கு நமது மூதாதையரின் கப்பல்கள் நின்றன என்பதே காரணம். மயிலையைப் பற்றி எழுதும்போது, உவப்பானதை மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கில்லை. 1662இல் கோல்கொண்டாச் சுல்தானின் படை சாந்தோமைக் கைப்பற்றியதையும், 1672இல் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்து 1674இல் பணிந்தபின் அவ்விடத்தின் அரண்கள் தரைமட்டமாக்கப்பட்டதையும் சேர்த்தே எழுதவேண்டும். கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்துக்கான நிலம் ஆர்க்காட்டு நவாபின் கொடை என்று மயிலையில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதனையும் செவிவழி மரபாகவே கொள்ள வேண்டும். ஆவணம் காட்டாமல் அதை மேடையில் வீசுவது இன்னொரு 'பைத் தூமா'வில் முடியலாம்.

பெயர் தெரியாத அந்த ஃபக்கீர் அத்தலத்துக்கு உரிமையாளரல்லர். அவர் அதைக் கட்டவுமில்லை, தமதென்று கோரியதாகவும் குறிப்பில்லை. பிறர் விட்டுச் சென்ற ஓரிடத்தை அவர் அமானத்தாகப் பேணினார். எண்ணெய்க்கு வயல் இல்லாத நிலையில் வீடுவீடாக நடந்தார். மயிலாப்பூரின் வரலாற்றை எழுத முன்வருவோர், எச்சமயத்தவராயினும், அவ்வளவு பணிவோடு அம்மண்ணை அணுகுவாராயின், கற்களோடு ஏரியும் மதகும் நெல்லும் அவர்கள் எழுத்தில் இடம்பெறும். அத்தகைய நூல் இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது. அறபு மூலங்களைப் புள்ளி தவறாமல் படிக்கவும் தமிழ்க் கல்வெட்டுகளை வாசிக்கவும் வல்ல இளைஞர்கள் நமது கல்லூரிகளிலும் மதரஸாக்களிலும் இருக்கின்றனர். அப்பணியை அவர்கள் மேற்கொள்ள வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.